பிள்ளையை வைத்திருப்பவரே பணமும் கொடுக்கும்போது

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிரிந்து வாழும் பெற்றோரிடையே பிள்ளைகளுக்கான பணக் கணக்கைத் தீர்த்துவைக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவர்கள், குழந்தையைத் தம் வீட்டில் வைத்து வளர்க்கும் பெற்றோரே மற்றவருக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கொடுக்க வேண்டிவரும் வழக்குகளைத் தனி வகையாகவே கருதுகிறார்கள். எண்ணிக்கையில் அவை குறைவு, ஆனால் அவற்றை விளக்கிச் சொல்வதற்குச் செலவாகும் நேரமும் பொறுமையும் மற்ற வழக்குகளைக் காட்டிலும் அதிகம். குழந்தைப் பராமரிப்புத் தொகை என்பது, பெற்றோர் ஒரே வீட்டில் வாழாதபோது பிள்ளையின் உணவு, உறைவிடம், உடை, படிப்பு ஆகியவற்றுக்காக ஒருவர் மற்றவருக்குக் கொடுக்குமாறு நீதிமன்றம் விதிக்கும் பணம். கஸ்டடி என்று வழக்கறிஞர்களும் வழக்காடுவோரும் சொல்லும் வளர்ப்புரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் அந்தப் பணத்தைப் பெறுவார், இல்லாதவர் கொடுப்பார் என்பதே ஊரறிந்த எண்ணம். பெரும்பாலான வழக்குகளில் அது சரியாகவும் அமைந்துவிடுவதால் அதுவே சட்டம் என்று நம்பி வருகிறவர்களிடம், சட்டம் அப்படி எழுதப்படவில்லை என்று முதன்முதலாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு, பெரும்பாலும் நீதிபதியைக் காண்பதற்கு முன்பே, நீதிமன்ற வளாகத்தின் உதவி மேசையில் அமர்ந்திருப்பவரைச் சேர்கிறது.

அந்த மேசைக்கு உரியவர் ஃபெசிலிடேட்டர் எனப்படும் வழிகாட்டி வழக்கறிஞர். கலிபோர்னியாவின் ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது நம் மாவட்டத்தை ஒத்த நிர்வாகப் பகுதியிலும், நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய அலுவலகம் 1997 முதல் செயல்பட்டு வருகிறது. சொந்தமாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இயலாதவர்களுக்குப் பராமரிப்புத் தொகை தொடர்பான படிவங்களை நிரப்பவும், தொகை எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்ளவும் அது கட்டணமின்றி உதவுகிறது. இந்த வழிகாட்டி எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் அல்லர் என்பதால், காலையில் தந்தைக்கு உதவியவரே பிற்பகலில் அதே வழக்கின் தாய்க்கும் உதவுவது முறைகேடாகாது. ஒரு தரப்பின் வழக்கறிஞருக்குக் கிடைக்காத பார்வை இதனால் இந்தத் தொழிலுக்குக் கிடைக்கிறது: ஒரே பிள்ளை மாறி மாறி உறங்கும் இரண்டு வீடுகளின் வாடகையும் மளிகைச் செலவும் ஒரே மேசையின் மேல் அடுத்தடுத்து வந்து விழுகின்றன.

அவ்வாறு வந்து விழும் காகிதம் எஃப்எல்-150 என்ற எண்ணால் அறியப்படும் வருமான, செலவு உறுதிமொழிப் படிவம். நான்கு பக்கங்கள் கொண்ட இதில், கடைசி இரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை இணைத்து, வரவு செலவு அனைத்தையும் பொய்யுரைத்தால் தண்டனை உண்டு என்ற உறுதியின் பேரில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாடகை, மின்கட்டணம், காப்பீடு ஆகிய கட்டங்களை மக்கள் மிகக் கவனமாக நிரப்புகிறார்கள். ஆனால் பிள்ளைகள் தம்மோடு எத்தனை விழுக்காட்டு நேரம் இருக்கிறார்கள், மற்ற பெற்றோரோடு எத்தனை விழுக்காடு என்று கேட்கும் சிறிய கட்டத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், அல்லது பிள்ளை தம் வீட்டில்தான் இருக்கிறது என்ற நினைப்பில் முழு நூறையும் தம் பக்கமே எழுதிவிடுகிறார்கள். தொகை பிறப்பதோ அந்தக் கட்டத்தில்தான்.

இந்தக் கணக்குமுறைக்குப் பின்னணி உண்டு. பராமரிப்புத் தொகையை நிர்ணயித்து வசூலிப்பதில் மாநிலங்களுக்கு உதவும் கூட்டாட்சித் திட்டம் 1975இல் தொடங்கியது. தொகைக்கு மாநிலம் தழுவிய அளவுகோல் வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டமும், அந்த அளவுகோல் தரும் தொகையே சரியானதென நீதிபதி முதலில் கொள்ள வேண்டும், விலகினால் காரணத்தை எழுத வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தன. அளவுகோலை எப்படி அமைப்பது என்பது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதால், சில மாநிலங்கள் கொடுப்பவரின் வருமானத்தில் ஒரு விழுக்காட்டை எடுத்துக்கொண்டன, பல மாநிலங்கள் இருவர் வருமானத்தையும் கூட்டிப் பங்கிட்டன. கலிபோர்னியா தன் குடும்பச் சட்டத் தொகுப்பின் 4055ஆம் பிரிவில் ஓர் இயற்கணிதச் சூத்திரத்தையே சட்ட வாசகமாக எழுதிவைத்தது.

அந்தச் சூத்திரம் வளர்ப்புரிமை யாரிடம் என்று கேட்பதே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இருவரில் அதிகம் சம்பாதிப்பவர் யார், அவரது மாத நிகர வருமானம் எவ்வளவு, இருவரின் நிகர வருமானமும் சேர்ந்து எவ்வளவு, அதிகம் சம்பாதிப்பவரிடம் பிள்ளை இருக்கும் நேரத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்விகளோடு அது நின்றுவிடுகிறது. நிகர வருமானம் என்பது வரிகள், சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், மருத்துவக் காப்பீடு போன்றவை போகக் கையில் நிற்பது. அதிகம் சம்பாதிப்பவரின் வருமானத்திலிருந்து, இருவரின் மொத்த வருமானத்தை அவரது நேரப் பங்கால் பெருக்கி வரும் தொகையைக் கழித்து, மிச்சத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியை எடுத்தால் மாதத் தொகை கிடைக்கும். விடை மிகையாக வந்தால் அதிகம் சம்பாதிப்பவர் கொடுப்பார், குறையாக வந்தால் குறைவாகச் சம்பாதிப்பவர் கொடுப்பார் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். தந்தையின் நிகர வருமானம் மாதம் 5,000 டாலர், தாயின் வருமானம் 1,000 டாலர், பிள்ளை ஒன்று, அது தந்தையிடம் 60 விழுக்காட்டு நேரம் இருக்கிறது என்று கொள்ளலாம். மொத்த வருமானம் 6,000. அதில் 60 விழுக்காடு 3,600. தந்தையின் 5,000த்திலிருந்து அதைக் கழித்தால் 1,400. எடுக்க வேண்டிய பகுதியைக் காண, இந்த வருமான அளவுக்குரிய கால் பங்கை, இரண்டிலிருந்து நேரப் பங்கைக் கழித்து வரும் 1.4ஆல் பெருக்க வேண்டும், 0.35 வருகிறது. ஆக மாதம் 490 டாலர், பிள்ளையை அதிக நேரம் வைத்திருக்கும் தந்தை தாய்க்குக் கொடுக்க வேண்டியது. நேரப் பங்கு 80 விழுக்காடாக உயர்ந்தால் தொகை 60 டாலராகச் சுருங்கும். 90 விழுக்காடானால் கணக்கு திரும்பி, தாய் 110 டாலர் கொடுக்க வேண்டும் என்று வரும், குறைந்த வருமானமுடையோருக்கான சலுகை அதையும் குறைக்கலாம் என்றாலும். இரண்டு பிள்ளைகள் என்றால் தொகையை 1.6ஆலும், மூன்று என்றால் இரண்டாலும் பெருக்குவார்கள். கணக்கு திரும்பும் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், தந்தையின் நேரப் பங்கு அவரது வருமானப் பங்கோடு சமமாகும் இடத்தில், அதாவது ஆறில் ஐந்து பங்கில், இருக்கிறது. ஆறில் ஐந்து பங்கு வருமானம் உடையவர் பிள்ளையின் நேரத்தில் ஆறில் ஐந்து பங்கைச் சுமந்தால் கடன் ஏதும் இல்லை. அதற்குக் குறைவாகச் சுமந்தால், அவர் வீடே பிள்ளையின் முதன்மை வீடாக இருந்தாலும், வித்தியாசத்தைப் பணமாக ஈடுசெய்கிறார். இந்தச் சமநிலையைக் காகிதத்தில் வரைந்து காட்டிய பிறகு, கோபத்தோடு வந்தவர்களில் கணிசமானோர் அமைதியாவதை இத்தொழிலில் இருப்பவர்கள் கண்டிருக்கிறார்கள். தொகையைப் பிடிக்காவிட்டாலும், அது தம்மைக் குறிவைத்து விதிக்கப்பட்ட அபராதம் அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

நேரப் பங்கைக் கணிப்பது மணிக்கணக்கு வேலை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியில், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை, பிள்ளை மற்றவரிடம் இருந்தால் 26 வார இறுதிகளுக்கு 1,248 மணி; வாரத்தில் ஒரு மாலை மூன்று மணி நேரம் என்றால் 156; கோடை விடுமுறையில் இரண்டு வாரங்கள் என்றால் 336. கூட்டினால் 1,740, ஏறக்குறைய 20 விழுக்காடு. அனுபவமுள்ளவர்கள் இந்த வகை ஏற்பாட்டைக் கண்டதும் மனக்கணக்காகவே இருபது என்று சொல்லிவிடுவார்கள். பள்ளியில் கழியும் நேரம் யாருடையது என்பதில் வாதம் எழும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியிலிருந்து யாருக்கு அழைப்பு போகும், யார் வேலையை விட்டு ஓடிவர வேண்டும், கொண்டுபோய் விடுவது யார் என்பவற்றைப் பார்த்து அந்த நேரத்தை அவர் கணக்கில் சேர்ப்பது வழக்கம். பிள்ளையின் மேல் உண்மையான கவலை கொண்டிருந்தும் தேதிகளை எழுதிவைக்காத பெற்றோர் இந்த இடத்தில் இழப்பது அதிகம் என்பதால், சுவரில் மாட்டும் சாதாரண நாட்காட்டியிலாவது பிள்ளை வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்துவைக்குமாறு வழிகாட்டிகள் முதல் நாளே சொல்லி அனுப்புகிறார்கள்.

பிள்ளையை வளர்ப்பவரிடமே பணத்தைக் கேட்பது நியாயமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் விடை 4053ஆம் பிரிவில் உள்ளது. பெற்றோரின் முதற்கடமை தம் நிலைக்கும் வசதிக்கும் ஏற்பப் பிள்ளைகளைப் பேணுவது. இருவரின் வாழ்க்கைத் தரத்திலும் பிள்ளைக்குப் பங்குண்டு. இருவரும் பெருமளவு பொறுப்பேற்கும் குடும்பங்களில், இரண்டு வீடுகளில் வளர்ப்பதால் கூடும் செலவைத் தொகை கணக்கில் கொள்ள வேண்டும், இரு வீடுகளுக்கிடையே பிள்ளை உணரும் ஏற்றத்தாழ்வையும் குறைக்க வேண்டும் என்கிறது அது. பிள்ளையை முதன்மையாக வைத்திருப்பவர் தம் வசதியில் கணிசமான பகுதியை ஏற்கெனவே பிள்ளைக்குச் செலவிடுகிறார் என்ற அனுமானமும் அதே பிரிவில் இருப்பதை இங்கே மறக்கலாகாது. மேலே கண்ட கணக்கில் நேரப் பங்கு கூடக் கூடத் தொகை விரைந்து சுருங்குவது அதனால்தான். படிவங்களின் வழியே இரண்டாம் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வாசகங்கள் வெறும் கொள்கையாகத் தோன்றுவதில்லை. ஒரே அறை கொண்ட வாடகை வீடு, பிள்ளை வரும் இரவுகளில் தாய் கூடத்துச் சோஃபாவில் படுத்துக்கொள்வது, அந்தக் கூடுதல் அறையில்லா வீட்டுக்கே வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகையாகப் போவது, ஞாயிறு மாலை பிள்ளையைத் திருப்பி அனுப்பியபின் அடுத்த சம்பளம் வரை கையில் எதுவும் இல்லாதிருப்பது ஆகியவை அந்த நான்கு பக்கப் படிவத்தில் எண்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அத்தகைய தாய் பிள்ளையை அழைப்பதையே குறைத்துக்கொண்டால், இழப்பு பிள்ளைக்குத்தான். தந்தையிடமிருந்து போகும் சில நூறு டாலர், பிள்ளை அங்கே தங்கும் நாட்களைத் தாங்கிப்பிடிக்கிறது. அந்த வகையில் இந்தச் சட்டம் சரியான பக்கத்தில்தான் நிற்கிறது என்று கொள்ள வேண்டும். தாய் செவிலியராக நல்ல ஊதியம் பெற்றுப் பிள்ளையைத் தம்மிடம் வைத்திருக்க, தந்தை வாடகைக் கார் ஓட்டிக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பங்களில் கணக்கு மறுபக்கமாக ஓடும்; சூத்திரத்துக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது.

சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் கணினித் துறையில் பணிபுரியும் இந்தியக் குடும்பங்களில், அவர்களுள் தமிழரும் பலர், இந்த வழக்கு தனிக் கடுமையோடு எழுகிறது. எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைவருக்குக் கிடைப்பது அவரைச் சார்ந்த எச்-4 விசா. அதில் இருப்பவர் பொதுவாக வேலை செய்யலாகாது. நிரந்தர வசிப்புரிமைக்கான நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தைக் கடந்தவர்களின் துணைவர்களுக்கு மட்டும் 2015 மே மாதத்திலிருந்து வேலை அனுமதி பெறும் வழி திறந்தது. வேலைக்குப் போகாதவர் மீது அவர் சம்பாதித்திருக்கக்கூடிய வருமானத்தை ஏற்றிக் கணக்கிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆயினும் அதற்குத் திறமையோடு வாய்ப்பும் இருக்க வேண்டும் என்பதால், சட்டமே வேலையைத் தடுத்திருக்கும் ஒருவர் மீது கற்பனை வருமானத்தை ஏற்றுவது எளிதன்று. எனவே பொறியியல் பட்டம் பெற்றிருந்தும் தாயின் வருமானக் கட்டத்தில் பூஜ்யம் நிற்கிறது. தந்தையின் நிகர வருமானம் 6,000 டாலர், பிள்ளை 80 விழுக்காட்டு நேரம் அவரிடம் என்றால், கணக்கு 360 டாலர் என்று வரும்; ஒருவருக்கு வருமானமே இல்லாதபோது மற்றவரின் நேரப் பங்கு முழு நூறாகும் வரை சமநிலைப் புள்ளி வருவதில்லை. மனைவிக்கான ஜீவனாம்சம் இதிலிருந்து வேறு, தனியே கணக்கிடப்படுவது. மணமுறிவு இறுதியானால் எச்-4 தகுதியும் போய்விடும் என்பதால் தாய் ஊர் திரும்ப நேரலாம். அப்போது வார இறுதிகள் அற்றுப்போய், பிள்ளையின் நேரம் கோடை விடுமுறைக்குள் சுருங்கி, பழைய தொகைக்கு அடிப்படையே மாறிவிடுகிறது. சந்திப்புக்கான பயணச் செலவைத் தனியாகப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தாயும் பிள்ளையும் கடல்கடந்து பிரிந்திருக்கும் வழக்குகளில் அதைக் கேட்டுப் பெறுவது மாதத் தொகையைக் காட்டிலும் பயன் தருவதாக இருக்கலாம்.

மற்ற மாநிலங்கள் இதே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. பிள்ளையை முதன்மையாக வைத்திருப்பவரும் கொடுக்க வேண்டிவரலாம், வருமான ஏற்றத்தாழ்வைப் பார்க்க வேண்டும் என்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2004இல் கூறியது. இலினாய் உச்ச நீதிமன்றம் 2014இல் அதே திசையில் சென்றது. நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2013இல் இதற்கு நேர்மாறாக, அதிக இரவுகள் பிள்ளை தங்கும் வீட்டுக்காரரைக் கொடுக்கச் சொல்லலாகாது என்று முடிவுசெய்தது. ஒரு மாநிலத்தில் வாழும் உறவினர் சொன்னதை நம்பி இன்னொரு மாநிலத்தில் வழக்காட வருபவர்கள் ஏமாற்றமடைவது இதனால்தான்.

கலிபோர்னியாவின் முறை எல்லா இடத்திலும் நியாயமாக முடிகிறது என்று சொல்வதற்கில்லை. உத்தரவில் 20 விழுக்காடு என்று எழுதப்பட்டிருக்க, நடைமுறையில் மற்றவர் மாதக்கணக்கில் பிள்ளையைப் பார்க்கவே வராமல் இருந்தும் தொகை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. பராமரிப்புத் தொகைக்கான பெரும்பாலான உத்தரவுகள் சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் ஆணையோடு வருவதால், பிள்ளையின் காலணியையும் பல் மருத்துவரின் கட்டணத்தையும் தாமே கொடுத்துவிட்டு, அதே மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தத்தையும் பார்க்கும் தந்தையின் மனக்குறை உண்மையானது. சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது: ஒருவர் தம் நேரப் பங்குக்கு ஏற்ற அளவில் பிள்ளையின் தேவைகளுக்குச் செலவிடுவதில்லை என்று காட்டினால், சூத்திரம் தரும் தொகையிலிருந்து விலகலாம் என்று 4057ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் விலக வேண்டும் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும்; நாட்காட்டியும் பணம் கட்டிய ரசீதுகளும் இல்லாமல் வாய்ச்சொல்லால் அது நடப்பதில்லை. வேலைக்குப் போவதற்காகச் செய்யும் குழந்தைக் காப்பகச் செலவும், காப்பீடு ஈடுசெய்யாத மருத்துவச் செலவும் மாதத் தொகைக்கு மேலானவை. அவற்றை இருவரும் பாதிப் பாதியாகப் பகிர்வதே முன்பு இயல்பான முறையாக இருந்தது, 2024 செப்டம்பர் முதல் நிகர வருமானத்தின் விகிதத்தில் பகிர்வதே இயல்பான முறையாயிற்று.

இவற்றையெல்லாம்விட அதிகத் தீங்கு விளைவிப்பது இன்னொரு நிலை. பிள்ளை தாயிடம் இருந்தபோது தந்தை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்திருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பதின்வயதுப் பிள்ளை தந்தையிடமே வந்து தங்கிவிடும். இருவரும் வாய்மொழியாக ஒத்துக்கொண்டு பணத்தை நிறுத்திவிடுவார்கள். நீதிமன்றத்துக்கு யாரும் போகமாட்டார்கள். உத்தரவோ மாறவில்லை. மாதந்தோறும் தொகை நிலுவையாக ஏறிக்கொண்டே போகும், கலிபோர்னியாவில் அதற்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டியும் சேரும். தவணை தேதி கடந்த ஒவ்வொரு மாதத் தொகையும் தீர்ப்புக் கடனுக்கு ஒப்பானது, அதை எந்த நீதிபதியும் பின்னோக்கிக் குறைக்கலாகாது என்று, பிராட்லி திருத்தம் எனப்படும் 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. மாற்றம் கோரி மனு தாக்கல்செய்த நாளுக்குப் பிந்தைய தொகையை மட்டுமே பொதுவாக மாற்ற முடியும். பிள்ளையை வளர்த்துக்கொண்டே, வளர்க்காத நிலைக்குரிய கடனையும் சுமப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இவர்களுக்குக் கலிபோர்னியாவில் ஒரு புகலிடம் உண்டு. 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின் பெயரால் ஜாக்சன் வரவு என வழங்கும் இந்த நெறியின்படி, பிள்ளை முழுநேரமும் தம் வீட்டில் வாழ்ந்தபோது அதற்கு உணவும் உறைவிடமும் நேரடியாகக் கொடுத்தவர், அந்தக் காலத்துக்குரிய தொகையை ஏற்கெனவே செலுத்திவிட்டதாக நீதிமன்றம் கருதலாம். இது தொகையைப் பின்னோக்கி மாற்றுவதன்று, கடன் வேறு வடிவில் தீர்ந்துவிட்டது என்று காண்பது. பிராட்லி திருத்தத்தோடு இது முரண்படாமல் நிற்பது அந்த நுண்ணிய வேறுபாட்டால்தான். ஆனால் இந்த வரவைத் தருவது நீதிபதியின் விருப்பத்துக்கு உட்பட்டது. பள்ளிப் பதிவேட்டில் எந்த முகவரி இருந்தது, மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் யார், மற்றவர் பணம் கேட்காமல் இருந்த காலம் எவ்வளவு என்பவற்றைக் காட்டும் காகிதங்கள் இருந்தால் ஒழிய, பல ஆண்டுகளுக்கு முந்தைய நிலையை நிறுவுவது கடினம்.

ஆகையால் பிள்ளை வீடு மாறிய அந்த மாதத்திலேயே, எஃப்எல்-300 என்ற படிவத்தில் மாற்றக் கோரிக்கையை எழுதி, புதிய வருமானப் படிவத்தை அதனோடு இணைத்து, தாக்கல்செய்து முத்திரை பெற்றுக்கொண்டு, மற்ற பெற்றோருக்கும் முறைப்படி சேர்ப்பித்துவிட வேண்டும். விசாரணை சில மாதங்கள் தள்ளிப்போனாலும் தாக்கல்செய்த தேதி நிலைத்துவிடும். இருவருக்கும் ஒத்த கருத்து இருந்தால், வாய்மொழியாகச் சொல்லிக்கொள்வதற்குப் பதிலாக அந்த உடன்பாட்டை எழுதிக் கையொப்பமிட்டு நீதிபதியின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். அவ்வளவுக்குத் தேவைப்படுவது உதவி மேசையில் ஒரு முற்பகல்தான். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பினாலும், அப்போதும் முழுநேரமாக உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டு தன்னைத் தானே தாங்கிக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், படிப்பு முடியும் வரை அல்லது பத்தொன்பது வயது வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை கடமை நீடிக்கும் என்பதையும் அந்த மனுவை எழுதும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.